கண்ணாடிக்குள் ஒரு கடல்

சென்ற ஆண்டு நம் கல்லூரியில் நடைபெற்ற அறிவியல் கண்காட்சியில், ஒரே ஒரு மேசையைச் சுற்றி மட்டும் காலை முதல் மாலை வரை கூட்டம் குறையவே இல்லை. 'மெய்நிகர் உண்மை' என்று இப்போது சொல்லப்படும் கருவியை அங்கே வைத்திருந்தார்கள். வரிசையில் முக்கால் மணி நேரம் நின்று நானும் அதைத் தலையில் மாட்டிக் கொண்டேன். அடுத்த நொடி மண்டபம் மறைந்தது. மாணவர் கூச்சல் அடங்கியது. நான் கடலுக்கடியில் நின்று கொண்டிருந்தேன்! தலையைத் திருப்பினால் பவளப்பாறை. நிமிர்ந்தால் மேலே மிதக்கும் ஓர் ஆமையின் வெள்ளை வயிறு. கையை நீட்டி மீனைத் தொடப் போய், பக்கத்தில் நின்ற நண்பனின் மூக்கில் இடித்த பிறகுதான் நான் நிற்கும் இடம் நினைவுக்கு வந்தது.

அந்த வியப்பை என் தாத்தாவுக்கும் காட்ட வேண்டும் என்று தோன்றியது. வைத்திக்குப்பத்தில் நாற்பது ஆண்டுகளுக்கு மேல் கடல்மேல் சென்று, இப்போது முழங்கால் வலியால் திண்ணையோடு இருப்பவர் அவர். நண்பன் ஒருவனிடம் இருந்த கருவியை ஞாயிற்றுக்கிழமை இரவல் வாங்கி வந்து, கடற்கரைக் காட்சி ஒன்றைப் போட்டு அவர் கண்ணில் மாட்டினேன். தாத்தா சிறிது நேரம் அசையாமல் இருந்தார். தலையை இடப்புறமும் வலப்புறமும் மெதுவாகத் திருப்பினார். பிறகு கேட்டார்:

"இது என்னா காத்து தம்பி? வாடையா, சோழகமா?"

எனக்கு விடை தெரியவில்லை. "படத்தில் காற்று இருக்காது தாத்தா" என்றேன்.

"காத்து இல்லாம அலை எப்படிடா வருது?" என்று சொல்லிக் கருவியைக் கழற்றிக் கையில் கொடுத்து விட்டார்.

அப்போது எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. ஆயினும் விலங்கியல் பயிலும் எனக்கு அந்தக் கேள்வி நாட்கள் செல்லச் செல்லப் பெரிதாகிக் கொண்டே வந்தது. அதற்கு விடை தேடிப் படித்தவற்றையும் கண்டவற்றையும் இங்கே தொகுத்துத் தருகிறேன்.

கருவி இயங்கும் விதம்

முதலில் இக்கருவி நம்மை எவ்வாறு நம்ப வைக்கிறது என்பதைப் பார்ப்போம். நம் இரு கண்களும் ஒரு பொருளைச் சற்றே வேறுபட்ட இரு கோணங்களில் காண்கின்றன. அவ்விரு படங்களையும் மூளை ஒன்றாக இணைக்கும்போதுதான் ஆழம் என்னும் உணர்வு பிறக்கிறது. இவ்வுண்மையைச் சார்லஸ் வீட்ஸ்டன் என்னும் ஆங்கில அறிவியலார் 1838-ஆம் ஆண்டிலேயே ஒரு கருவி செய்து மெய்ப்பித்தார். இரு கண்களுக்கும் தனித்தனிப் படங்களைக் காட்டி, தட்டையான படத்துக்கு ஆழம் தந்தது அவருடைய கருவி.

அதனோடு தலையின் அசைவையும் சேர்த்தவர் அமெரிக்கரான ஐவன் சதர்லண்ட். 1968-இல் அவர் செய்து காட்டிய கருவி மிகுந்த எடை உடையது. கூரையிலிருந்து தொங்கவிட்டே தலையில் பொருத்த முடிந்தது. இன்றைய கருவியோ ஒரு கண்ணாடி போல அணியத் தக்கது. அதனுள் இரண்டு வில்லைகளும், அவற்றுக்கு முன் சிறு திரையும், தலை எப்பக்கம் எவ்வளவு திரும்புகிறது என்பதை அளக்கும் உணரிகளும் இருக்கின்றன. நாம் தலையைத் திருப்பியவுடன் கணினி புதிய காட்சியை வரைந்து தருகிறது. நல்ல கருவிகளில் நொடிக்கு 90 முறை இவ்வாறு படம் புதுப்பிக்கப்படுகிறது. இது சற்றே தாமதமானாலும் தலை சுற்றும். ஏனெனில் தலை அசைகிறது என்று உட்செவி சொல்ல, இன்னும் அசையவில்லை என்று கண் சொல்லும். கண்காட்சியில் என் வகுப்புத் தோழர் இருவர் கருவியைக் கழற்றியதும் நாற்காலியைத் தேடியது இக்காரணத்தால்தான்.

ஆக, இக்கருவி ஏமாற்றுவது கண்ணையும் செவியையும். தோலும் மூக்கும் நாவும் உள்ளங்காலும் அதன் ஆட்சிக்கு இன்னும் உட்படவில்லை. தாத்தாவின் கேள்வி பிறந்த இடமும் அதுவே. அவர் கடலைக் கண்ணால் மட்டும் பார்த்துப் பழகியவரல்லர். கன்னத்தில் எப்பக்கம் காற்றுப் படுகிறது என்பதைக் கொண்டு அறிந்தவர்.

நகல்கள் புதியன அல்ல

'ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது' என்பது நம்மவர் பழமொழி. இதை மட்டும் சொல்லி இக்கருவியை ஒதுக்கி விடலாமா? கூடாது என்பதே என் கருத்து. இயற்கைக்கு நகல் எடுப்பது மனிதனின் பழைய வழக்கம். அதற்கு நம் நகரமே சான்று.

நம் தாவரவியல் பூங்கா 1826-இல் பிரெஞ்சுக்காரர்களால் அமைக்கப்பட்டது. பெரோத்தே என்னும் தாவரவியலார் உலகின் பல பகுதிகளிலிருந்து கொண்டு வந்த செடி கொடிகள் அங்கே வளர்க்கப்பட்டன. பல நாட்டுக் காடுகளின் நகல் ஒன்று மதில் சுவருக்குள் வைக்கப்பட்டது எனலாம். 1955-இல் தொடங்கப்பட்ட பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தில் உலர்தாவரத் தொகுப்பு ஒன்று இருக்கிறது. மேற்குத் தொடர்ச்சி மலையின் செடிகள் பலவும் அங்கே உலர்ந்த வடிவில் தாளில் ஒட்டப்பட்டுப் பாதுகாக்கப்படுகின்றன. அவையும் நகல்கள்தாமே!

ஆயின் ஒரு வேறுபாட்டைக் கவனிக்க வேண்டும். பூங்காவில் இலை உதிர்கிறது, பூ வாடுகிறது, புயல் வந்தால் மரம் சாய்கிறது. உலர்தாவரத் தாளில் இலை உதிர்வதில்லை. எனினும் அதன் அடியில் செடியின் பெயர், எடுத்த இடம், எடுத்த நாள், எடுத்தவர் பெயர் ஆகியவை எழுதப்பட்டிருக்கும். 'நான் முழுக்காடு அல்லேன். இன்ன காட்டில் இன்ன நாளில் எடுக்கப்பட்ட ஒரு துண்டு' என்று அந்தத் தாள் தன்னைப் பற்றி உண்மை சொல்கிறது. நான் கண்காட்சியில் பார்த்த பவளப்பாறை எந்தக் கடலைச் சேர்ந்தது? எந்த ஆண்டில் எடுத்த படம்? அந்தப் பாறை இன்னும் உயிரோடு இருக்கிறதா? காட்டியவருக்கும் தெரியவில்லை, பார்த்த நாங்களும் கேட்கவில்லை.

நன்மைகளை மறுக்கலாமா?

நகல் இயற்கையால் நன்மை இல்லை என்று சொல்வது உண்மைக்கு மாறானது. அமெரிக்காவில் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஹண்டர் ஹாஃப்மன், டேவிட் பேட்டர்சன் ஆகியோர் தீக்காயம் பட்ட நோயாளிகளுக்காகப் பனி படர்ந்த மெய்நிகர் உலகம் ஒன்றை உருவாக்கினர். புண்ணுக்கு மருந்திடும் நேரத்தில் நோயாளி அதில் ஆழ்ந்திருந்தால், அவர் உணரும் வலி கணிசமாகக் குறைந்தது.

இங்கிலாந்தின் எக்சிட்டர் பல்கலைக்கழகத்தார் 2020-இல் வெளியிட்ட ஆய்வு மற்றொன்று. 96 பேருக்கு முதலில் சலிப்பூட்டும் படம் ஒன்றைக் காட்டினர். பிறகு அவர்களை மூன்று குழுவாக்கி, கடலடிப் பவளப்பாறைக் காட்சியைத் தொலைக்காட்சியிலும், சுற்றிலும் பார்க்கத்தக்க மெய்நிகர்க் காணொளியிலும், கையால் இயக்கத்தக்க மெய்நிகர்க் காட்சியிலும் காட்டினர். மூன்றுமே சலிப்பைக் குறைத்தன. மூன்றாவதைப் பார்த்தவர்களிடம் மகிழ்ச்சியும், இயற்கையோடு நெருங்கியிருப்பதான உணர்வும் கூடின.

படுக்கையில் கிடப்போர், நடக்க இயலாதோர், மலையையோ கடலையோ நேரில் காணும் வாய்ப்பற்றோர் ஆகியோருக்கு இது பெரிய ஆறுதல் அல்லவா? மேலும், மன்னார் வளைகுடாவின் பவளப்பாறைகளைக் காண விரும்புவோர் அனைவரும் நேரில் சென்று மிதித்தால் பாறைகள் தாங்கா. அத்தகைய இடங்களைக் கருவியில் காண்பதே அவற்றுக்கு நாம் செய்யும் உதவி.

சன்னலும் திரையும்

அப்படியானால் நகல் மூலத்துக்கு நிகராகுமா? இக்கேள்விக்கு ஓரளவு விடை தரும் சோதனை ஒன்றை 2008-இல் வாஷிங்டன் பல்கலைக்கழகப் பேராசிரியர் பீட்டர் கான் குழுவினர் வெளியிட்டனர்.

அதற்கு முன்னோடி ஒன்று உண்டு. பித்தப்பை அறுவை செய்து கொண்டவர்களில், சன்னல் வழியே மரங்களைக் கண்டவர்கள், செங்கற்சுவரைக் கண்டவர்களைவிட விரைவில் வீடு திரும்பினர் என்றும், அவர்களுக்குக் கடுமையான வலி மருந்து குறைவாகவே தேவைப்பட்டது என்றும் ரோஜர் உல்ரிச் 1984-இல் எழுதியிருந்தார். கான் குழுவினர் இதை மேலும் ஒரு படி எடுத்துச் சென்றனர். 90 பேரை மூன்று வகை அறைகளில் அமர்த்தினர். ஓர் அறையில் வெளியே மரங்களைக் காட்டும் உண்மையான சன்னல். மற்றொன்றில் அதே காட்சியை அதே நேரத்தில் நேரலையாகக் காட்டும் பெரிய திரை. மூன்றாவதில் வெறுமையான மறைப்பு. சிறிது மனவழுத்தம் தரும் வேலை ஒன்றைக் கொடுத்துவிட்டு, அவர்களுடைய இதயத்துடிப்பு எவ்வளவு விரைவில் பழைய நிலைக்குத் திரும்புகிறது என்று அளந்தனர்.

சன்னலருகே இருந்தவர்களின் துடிப்பு விரைவில் தணிந்தது. திரையைப் பார்த்தவர்களுக்கும் வெறும் மறைப்பைப் பார்த்தவர்களுக்கும் இவ்வகையில் வேறுபாடு காணப்படவில்லை! அதே மரம், அதே நேரம்; ஆனால் உடல் ஒன்றை ஏற்றுக் கொண்டது, மற்றதை ஏற்கவில்லை. அந்தத் திரை இன்றைய மெய்நிகர்க் கருவியைப் போன்று ஆழம் காட்டுவதன்று என்பதையும் நாம் நினைவில் வைக்க வேண்டும். எனினும் கண்ணுக்கு ஒன்றாகத் தோன்றுவதெல்லாம் உடலுக்கு ஒன்றல்ல என்பது இதனால் விளங்குகிறது.

காற்றும் மணலும்

இனித் தாத்தாவின் கேள்விக்கு வருகிறேன். பாடநூலில் நான்கு திசைக் காற்றுக்குத் தென்றல், வாடை, கொண்டல், கோடை என்று நாம் படித்திருக்கிறோம். தாத்தாவின் வாயில் தென்காற்று சோழகம். மேற்கிலும் தென்மேற்கிலும் இருந்து வருவது கச்சான். வாடையும் கொண்டலும் பெயர் மாறவில்லை. எந்தக் காற்றில் எந்த வலையை எடுப்பது, எப்போது மரத்தைத் தள்ளுவது என்பதெல்லாம் இதைக் கொண்டே முடிவாகும்.

புதுச்சேரியின் கரையை ஆக்கியதும் இக்காற்றுகளே. தென்மேற்குப் பருவக்காலத்தில் தெற்கிலிருந்து சாய்ந்து வரும் அலைகள் மணலைக் கரையோரமாக வடக்கே தள்ளுகின்றன. வடகிழக்குப் பருவக்காலத்தில் வாடை எழுப்பும் அலைகள் அதைத் தெற்கே திருப்புகின்றன. முன்னது ஆண்டின் பெரும்பகுதி நீடிப்பதால், மொத்தத்தில் மணல் வடக்கு நோக்கியே நகர்கிறது. ஆண்டுதோறும் பல லட்சம் கன மீட்டர் மணல் இவ்வாறு நம் கரையைக் கடந்து செல்கிறது. நாம் 'கடற்கரை' என்று அழைப்பது ஓரிடத்தில் நிற்கும் பொருளன்று. நடந்து கொண்டே இருக்கும் மணல் ஊர்வலம்.

1986-இல் தொடங்கி 1989-இல் முடிந்த துறைமுகப் பணியின்போது, அரியாங்குப்பம் ஆற்றின் முகத்துவாரத்தில் கடலுக்குள் இரண்டு அலைதடுப்புச் சுவர்கள் எழுப்பப்பட்டன. ஊர்வலம் அங்கே தடைப்பட்டது. தெற்கே வீராம்பட்டினம் பக்கம் மணல் குவிந்தது. வடக்கே அலைகள் இருந்த மணலை எடுத்துச் சென்றன. புதிதாக வரவேண்டிய மணல் வரவில்லை. தேங்கும் மணலை எடுத்து வடக்கே இறைக்கும் ஏற்பாடும் திட்டத்தில் இருந்தது. அது தொடர்ந்து நடைபெறவில்லை. நகரத்தைக் காக்கக் கருங்கற்களைக் கொட்டினார்கள். கல் கொட்டிய இடத்துக்கு வடக்கே அடுத்த ஊர் அரித்தது. அங்கும் கல் கொட்டினார்கள். இவ்வாறு அரிப்பு குப்பம் குப்பமாக வடக்கே நகர்ந்தது. கரைவலை இழுக்க மணல் வேண்டும். கட்டுமரம் ஏற்ற மணல் வேண்டும். தை, மாசியில் முட்டையிட வரும் பங்குனி ஆமைக்கும் மணல் வேண்டும். பாறையில் இவற்றுள் ஒன்றும் நடவாது.

காற்று எப்பக்கம் என்று கேட்டவருக்கே இதெல்லாம் புலப்படும். அழகான அலையை மட்டும் பார்ப்பவருக்குப் புலப்படாது. என் கருவியில் இருந்த கடலில் காற்று இல்லை; ஆகவே அங்கே மணல் நகர்வதும் இல்லை, கரை தேய்வதும் இல்லை. அந்தக் கடலுக்கு எவரும் கேடு செய்ய முடியாது. எனவே அதற்காக எவரும் கவலைப்பட வேண்டியதும் இல்லை.

மறதி என்னும் நோய்

இங்கே என்னைப் பற்றி ஓர் உண்மையைச் சொல்ல வேண்டும். தொடக்கப் பள்ளியில் 'எங்கள் ஊர்க் கடற்கரை' என்று படம் வரையச் சொன்னபோது நான் நீலக் கடலை வரைந்து, அதன் முன் வரிசையாகக் கருங்கற்களை வரைந்தேன். வீட்டுக்கு எடுத்து வந்து காட்டினேன். "மணல் எங்கே?" என்று என் தந்தையார் கேட்டார். சிறுவயதில் சடுகுடு ஆடிய மணல் அவர் மனத்தில் இருந்தது. நானோ, கல் இருப்பதுதான் கடற்கரை என்று நினைத்திருந்தேன். இழந்தது என்ன என்று எனக்குத் தெரியாது. தெரியாததால் எனக்கு வருத்தமும் இல்லை.

டேனியல் பாலி என்னும் மீன்வள அறிஞர் 1995-இல் இதற்கு ஒரு விளக்கம் தந்தார். ஒவ்வொரு தலைமுறை ஆய்வாளரும், தாம் பணிக்கு வந்தபோது இருந்த மீன்வளத்தையே இயல்பான அளவு என்று கொள்கின்றனர். அடுத்த தலைமுறை அதைவிடக் குறைந்த அளவை இயல்பு என்று கொள்கிறது. இவ்வாறு அளவுகோலே சிறிது சிறிதாகக் கீழிறங்குகிறது என்றார் அவர். முன் சொன்ன பீட்டர் கான் இதையே தலைமுறை மறதி என்கிறார். மெய்நிகர் இயற்கையில் நான் காணும் இடரும் இதுவே. வயல் இருந்த இடத்தில் மனை வந்தபின், மனைக்குள் அமர்ந்து கருவியில் வயலைப் பார்த்து நிறைவடையும் ஒரு தலைமுறை வந்தால், அளவுகோல் இன்னும் ஒரு படி இறங்கிவிடும்.

நினைவு இருந்தால் என்ன நடக்கும் என்பதற்கும் நம் ஊரே சான்று. மணலை மறவாதவர்கள் பல ஆண்டுகள் எழுதினார்கள், பேசினார்கள், கேட்டுக் கொண்டே இருந்தார்கள். தேசியக் கடல்சார் தொழில்நுட்ப நிறுவனத்தார் 2018-இல் நகரக் கரையின் வடபகுதியில் ஆப்பு வடிவிலான எஃகுத் திட்டு ஒன்றைக் கடலுக்குள் அமிழ்த்தினர். அலையின் வேகம் அங்கே தணிய, மணல் தங்கத் தொடங்கியது. அடுத்த ஆண்டு, தலைமைச் செயலகத்துக்கு எதிரே, எனக்குப் பதினான்கு வயதானபோது, எங்கள் ஊர் மணலை முதன்முதலாக மிதித்தேன். அன்று மாலை என் தந்தையார் செருப்பைக் கையில் எடுத்துக் கொண்டு நெடுநேரம் பேசாமல் நடந்தார்.

நிலமும் பொழுதும்

நம் தமிழ் இலக்கணம் இதைப் பற்றி என்ன சொல்கிறது என்று எண்ணிப் பார்த்தேன். தொல்காப்பியர் முதற்பொருள் என்று கூறுவது இரண்டை, நிலமும் பொழுதும். நெய்தல் என்றால் கடல் மட்டும் அன்று. எற்பாடு என்னும் பொழுதும் சேர்ந்ததே நெய்தல். அதன் பிறகே பறவையும் பூவும் தொழிலுமாகிய கருப்பொருள். அதற்கும் பிறகே மனித உணர்வாகிய உரிப்பொருள். மெய்நிகர்க் காட்சியில் நிலம் இருக்கிறது, பொழுது இல்லை. எத்தனை முறை போட்டாலும் அதே ஆமை அதே இடத்தில் திரும்புகிறது.

குறிஞ்சிப்பாட்டில் கபிலர் 99 மலர்களின் பெயரை அடுக்கிச் செல்கிறார் என்று நாமனைவரும் படித்திருக்கிறோம். அவற்றுள் நாம் கண்டறிந்தவை எத்தனை? நான் எண்ணிப் பார்த்தேன்; இரு கை விரல்களுக்குள் அடங்கிவிட்டன. பூவைக் கண்டவனுக்கு அதன் பெயர் மணக்கும். காணாதவனுக்கு அது வெறும் ஒலி. மெய்நிகர்க் காட்சியும் அத்தகையதே. கடலை அறிந்தவருக்கு அது ஒரு நினைவூட்டல். அறியாதவருக்கு அதுவே கடலாகி விடும்.

நாம் செய்யக்கூடியவை

கருவியை எறிந்து விடுங்கள் என்பது என் வேண்டுகோள் அன்று. முதலாவதாக, உலர்தாவரத் தாளில் இருப்பதைப் போல ஒவ்வொரு மெய்நிகர்க் காட்சியிலும் இடமும் நாளும் குறிக்கப்பட வேண்டும் என்று கேட்போம். இரண்டாவதாக, இக்கருவியை நம் ஊரின் நினைவுக்குப் பயன்படுத்துவோம். வீடுகளில் உள்ள பழைய கடற்கரைப் புகைப்படங்களைச் சேர்த்து, 1989-க்கு முன்பிருந்த மணற்கரையைக் காட்சியாக்கினால், என் போன்றோர் எதை இழந்தோம் என்று அறிய அது உதவும். மூன்றாவதாக, கருவியில் பார்ப்பது போதும் என்று நின்றுவிடாமல் வெளியே செல்வோம். 2008-இல் பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்ட ஊசுடேரி நகரத்திலிருந்து மிதிவண்டித் தொலைவில்தான் இருக்கிறது. மார்கழி விடியலில் அங்கே போய் நின்றால் குளிரும், சேற்று நாற்றமும் இருக்கும், கொசுவும் கடிக்கும். பறவை வந்தாலும் வரும், வராமலும் போகும். வராத நாளில்தான் 'ஏன் வரவில்லை?' என்ற கேள்வி பிறக்கும். எங்கள் அறிவியலுக்கு முதல் பாடம் அந்தக் கேள்வியே.

இக்கட்டுரைக்காக நான் சில மாதங்களாக நாள்தோறும் காலையில் கரைக்குச் சென்று காற்றின் திசையையும் மணலின் அகலத்தையும் ஒரு குறிப்பேட்டில் எழுதி வருகிறேன். அளவெடுக்கக் கயிறும் என் காலடியும்தான். ஆனி மாதத்தில் ஒரு நாள் வீடு திரும்பியபோது தாத்தா திண்ணையிலிருந்து, "இன்னிக்கு என்னா காத்து?" என்று கேட்டார்.

"சோழகம் தாத்தா. மணல் வடக்கே போகுது" என்றேன்.

"கச்சானும் கொஞ்சம் கலந்திருக்கு, கவனிச்சியா?" என்றார்.

நான் கவனிக்கவில்லை. மறுநாள் மீண்டும் சென்றேன்.